பாடத்திட்டம் முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பொருளியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வகுப்பில் பாதிப் பேருக்கு வேலை உறுதியாகிவிட்டது. சிலர் மேற்படிப்புக்கு இடம் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். வீட்டில் போனில் பேசும்போதெல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்கிறார்கள். கோபமாகக் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி வரும் என்பதற்காகவே சில நாட்கள் போனை எடுப்பதில்லை.

பிடித்ததைச் செய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி வெறியோடு பிடித்தது எதுவும் இல்லை. மதிப்பெண் சுமார்தான். தனித்திறமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடத்தில் துறை நூலகத்தின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினேன், நாலாயிரம் புத்தகம் இருக்கும், அவ்வளவுதான். முப்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு பேர் பதில் அனுப்பினார்கள். இரண்டுமே இல்லை என்றுதான்.

தயாராக வேண்டும் என்கிறார்கள். எதற்குத் தயாராவது ஐயா?

*

அன்புள்ள தம்பி,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். "அவ்வளவுதான்" என்று நீங்கள் ஒதுக்கிவிட்டுப் போன அந்த நூலக வேலையில் மூன்று முறையும் என் கண் நின்றது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் பயம். சிறு வயதில் பள்ளியில் சேர்த்ததிலிருந்து இன்றுவரை அடுத்த வருடம் என்ன என்று நீங்கள் யோசித்ததே இல்லை. இந்த வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு. எதைப் படிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் படிக்க வேண்டும், படித்தது போதுமா போதாதா, எல்லாவற்றையும் வேறு யாரோ சொன்னார்கள். பதினைந்து பதினாறு வருடம் இப்படிப் போனபின் ஒரு நாள் கடைசித் தேர்வு எழுதி வெளியே வருகிறோம். மறுநாள் காலையில் கேள்வித்தாள் இல்லை. வேலை கிடைத்த உங்கள் நண்பர்களுக்கும் இந்தக் காலை வரும். அவர்களுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். பெரும்பாலோர் முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் தவறும் இல்லை.

எனக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. படிப்பு முடிந்த முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது வாரமும் தூங்கினேன். மூன்றாவது வாரத்தில் விழிப்பு வந்த பிறகும் எழுந்திருக்கப் பயமாக இருந்தது. ஒரே விண்ணப்பத்தை நாற்பது பிரதி எடுத்து, மேலே முகவரியை மட்டும் மாற்றி அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்கு நான்கு வருடம் முன்னால் படித்த ஓர் அண்ணனை நூலகத்தில் தற்செயலாகப் பார்த்தேன். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து "கடின உழைப்பாளி" என்பதை அடித்தார். "குழுவாகப் பணியாற்றும் திறன்" போயிற்று. "தலைமைப் பண்பு" போயிற்று. பக்கத்தில் பெயரும் படிப்பும் மட்டும் மிஞ்சின. "இதெல்லாம் எல்லாரும் எழுதுறது. நீ என்ன செஞ்சே, அதைச் சொல்லு" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கேட்டுக் கேட்டு மூன்று வரி வாங்கினார். அந்த மூன்று வரிதான் எனக்கு முதல் வேலையை வாங்கித் தந்தது.

இப்போது உங்கள் நூலகத்துக்கு வருகிறேன். நாலாயிரம் புத்தகங்களின் பதிவைக் கணினியில் ஏற்றியிருக்கிறீர்கள். பழைய பதிவேடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒரே எண் இரண்டு புத்தகத்துக்கு விழுந்திருக்கும். பதிவில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இருக்காது. இதையெல்லாம் நீங்கள் எப்படித் தீர்த்தீர்கள்? எத்தனை வாரம் ஆனது? முன்பு ஒரு புத்தகத்தைத் தேட எவ்வளவு நேரம் பிடித்தது, இப்போது எவ்வளவு? நீங்கள் போட்ட அட்டவணையை இன்றும் பயன்படுத்துகிறார்களா? இவற்றுக்கான பதிலை இரண்டு வரியில் எழுதுங்கள். குழம்பிக் கிடந்த தகவலை ஒழுங்குபடுத்தி, கேட்பாரில்லாமலே கடைசிவரை முடித்த ஒருவரை எந்த அலுவலகத்துக்கும் தேவை. தரவு வேலைக்குப் போகிறவர்கள் நாளில் கணிசமான பகுதியைச் செலவிடுவது இப்படித் தகவலைச் சுத்தம் செய்வதில்தான்.

பிடித்தது எது என்ற கேள்வியையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். வெறியோடு பிடித்த ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடி எடுக்க வேண்டும் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். மிகச் சிலருக்கு அப்படி இருக்கும். மற்றவர்களுக்கு ஒரு வேலையைச் செய்து, அதில் கை பழகி, நாலு பேர் "இதை இவரிடம் கொடுங்கள்" என்று சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிடிப்பு வருகிறது. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எந்த வேலையின் சலிப்பு உங்களால் தாங்கக்கூடியது? எல்லா வேலையிலும் சலிப்பு உண்டு. மருத்துவருக்கும் உண்டு, நடிகருக்கும் உண்டு. நாலாயிரம் புத்தகத்தில் மூவாயிரத்து ஐந்நூறாவது புத்தகத்தில் நீங்கள் எழுந்து போய்விடவில்லை. உங்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான தகவல் அதுதான்.

வேலை எப்படி வந்து சேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது விண்ணப்பம் போட்டு ஓய்ந்துபோனீர்கள் என்பதால்.

ஐன்ஸ்டைன் சூரிக் பாலிடெக்னிக்கில் 1900இல் படிப்பை முடித்தார். கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைக்கவில்லை. பேராசிரியர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். தற்காலிக ஆசிரியராகவும் தனி ஆசிரியராகவும் நாட்களை ஓட்டினார். 1901 ஏப்ரலில் அவருடைய தந்தை, வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்குத் தாமாக ஒரு கடிதம் எழுதினார். மகன் மனம் உடைந்திருக்கிறான், நாலு வார்த்தை ஊக்கமாக எழுதுங்கள், முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள், நான் எழுதியது அவனுக்குத் தெரியாது என்று கேட்டார். உங்கள் வீட்டிலிருந்து வரும் "அடுத்து என்ன?" என்ற கேள்விக்குப் பின்னாலும் இப்படி ஒரு கடிதம் எழுதப்படாமல் இருக்கிறது என்றே நினைக்கிறேன். போனை எடுங்கள். "இன்னும் முடிவாகல, இந்த வாரம் இன்னின்னாரோடு பேசினேன்" என்று சொல்லுங்கள். வேலை இல்லாததைவிட, என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் அவர்களை அதிகம் படுத்தும்.

ஐன்ஸ்டைனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது? கூடப் படித்த மார்செல் கிராஸ்மனின் தந்தை, பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநரிடம் அவரைப் பற்றிச் சொன்னார். 1902 ஜூனில் மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணராகச் சேர்ந்தார். நண்பனின் தந்தை, அவருக்குத் தெரிந்தவர். அவ்வளவு தூரத்து உறவு.

இது ஒருவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டன் அருகே அப்போதுதான் வேலை மாறியிருந்தவர்களிடம் விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அதற்கும் குறைவாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. உங்கள் அறைத்தோழனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். சற்று எட்ட இருப்பவர் வேறு இடத்தில் புழங்குகிறார், அங்கிருக்கும் செய்தி அவரிடம் இருக்கிறது. 2022இல் லிங்க்ட்இன் பயனாளர்கள் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்விலும் ஏறக்குறைய இதுவே தெரிந்தது. நெருங்கியவர்களைவிட ஓரளவு பழக்கமுள்ளவர்கள்தான் வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள்.

அதனால் முப்பத்தோராவது விண்ணப்பத்துக்கு முன்னால் பத்துப் பேருக்கு எழுதுங்கள். உங்கள் துறையில் உங்களுக்கு முன் படித்தவர்கள், ஒரே ஒரு முறை வகுப்பெடுக்க வந்தவர், முன்பு உங்கள் தெருவில் இருந்தவர். "வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதாதீர்கள். அவரால் இல்லை என்றுதான் சொல்ல முடியும், உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "பொருளியல் கடைசி வருடம் படிக்கிறேன். உங்கள் வேலையில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" பத்துப் பேரில் நாலு பேர் பேசினால் நல்லது. பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்தில் முடியுங்கள். முடிக்கும்போது "இன்னும் யாரிடம் பேசலாம்?" என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து, அவர் சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று இரண்டு வரி அனுப்புங்கள். இந்த இரண்டு வரியை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு அப்படி எழுதியவர்கள் எல்லோரையும் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

மேற்படிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அந்தப் பட்டம் தேவை என்றால், அல்லது ஒரு கேள்வி உங்களை விடவே மாட்டேன் என்கிறது என்றால், தாராளமாகப் போங்கள். இந்தப் பயத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட மட்டும் போகாதீர்கள். அது கடனோடு சேர்ந்து திரும்பி வரும்.

முதல் வேலை சுமாராக அமைந்தால் வாழ்க்கையே அப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பொருளாதாரம் மந்தமாக இருந்த வருடத்தில் படிப்பை முடித்தவர்களைப் பற்றிக் கனடாவில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. தொடக்கத்தில் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைந்தது, அந்த இழப்பு கரையக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆனது. பத்து வருடம் என்பது நீளம்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்று பார்த்தால், படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறித்தான். ஆகவே கிடைத்ததில் சேருங்கள், ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், கண்ணைத் திறந்து வைத்திருங்கள்.

சேரும் முன் கடிதத்தில் எத்தனை மாத நோட்டீஸ் என்று எழுதியிருக்கிறது, இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற பாண்டு ஏதாவது இருக்கிறதா, தகுதிகாண் காலம் எவ்வளவு என்று பாருங்கள். வேலை தருகிறேன் என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்கிறவர் வேலை தரப்போவதில்லை, அவரோடு பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கல்விக்கடன் இருந்தால் முதல் தவணை எந்த மாதம் தொடங்குகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் வரத் தொடங்கியதும் மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை வேறு எதையும் பெரிதாக வாங்க வேண்டாம். பிடிக்காத இடத்திலிருந்து எழுந்து வரும் தைரியத்தை அந்தத் தொகைதான் தரும்.

இன்னொன்று. இப்போது நண்பர்களைப் பார்க்க நீங்கள் எந்த முயற்சியும் செய்வதில்லை, வகுப்புக்குப் போனாலே பார்க்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு அப்புறம் அது நிற்கும். பெரிய குழுவில் வாழ்த்துச் செய்தி மட்டும் வந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு பேரோடு மாதத்தில் ஒரு நாளை முடிவு செய்துகொண்டு, அந்த நாளில் கட்டாயம் பேசுங்கள். வேலை தேடும் மாதங்களில் தனியாக இருப்பதுதான் ஆளை உருக்குகிறது. நான் அதில் மாட்டியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. அந்தப் பதிவேட்டை உங்களிடம் ஒப்படைத்த நூலகரிடம் நீங்கள் வேலை தேடுவதைச் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் எப்படி வேலை செய்வீர்கள் என்று நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்ற நூலகங்களோடும் புத்தக நிறுவனங்களோடும் அவருக்குத் தொடர்பு இருக்கும். நாளை நூலகம் திறந்ததும் போய்ப் பாருங்கள். அந்த இரண்டு வரியை இன்று இரவே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அடித்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.