கிரியேட்டினின் சரி என்றால் ஊசி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. ஹட்டன் டவுனில் புடவைக் கடையில் வேலை செய்கிறாள். சில மாதங்களாக விரல் மூட்டு வலி, முடி கொட்டுகிறது, கன்னம் சிவக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில் வலி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். இப்போது காலையில் கண் வீங்குகிறது, பின்னேரம் கால் வீங்குகிறது. கண்டி பெரியாஸ்பத்திரியில் லூபஸ் என்கிறார்கள். சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டுமாம். கிரியேட்டினின் சரியாகத்தான் இருக்கிறது. நல்ல கிட்னியை ஏன் குத்த வேண்டும்? குத்தினால் கிட்னி போய்விடும் என்று லயத்தில் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கல்யாணமும் பேசுகிறோம்.
— ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, கொடுத்த திகதிக்குப் பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வடித்து வெளியேற்றும் கழிவு. நீங்கள் அனுப்பிய கிளினிக் கொப்பிப் பிரதியில் அது 0.8, சரிதான். அதற்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஒரு நாள் சிறுநீரில் 2.1 கிராம் புரதம் போயிருக்கிறது. லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்; அது உள்ளவருக்கு அரை கிராம் போனாலே சிறுநீரகத்தைச் சந்தேகிப்போம். சிறுநீரில் சிவப்பணுக்களும் உண்டு. தேத்தண்ணி வடியில் ஓட்டை விழுந்தாலும் தேத்தண்ணி வழக்கம்போல இறங்கும், தூளும் கூடவே இறங்கும். பிள்ளையின் சிறுநீரகம் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. கிரியேட்டினின் ஏறும்வரை காத்திருந்தால், பலருக்கு அதற்குள் சிறுநீரகத்தின் பாதி வேலைத்திறன் போய்விடும்.

இரத்தத்தில் லூபஸுக்குப் பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனை பொசிடிவ், டி.என்.ஏ.க்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அதிகம், எதிர்ப்புச் சக்திக்குத் துணைநிற்கும் சி-3, சி-4 என்ற இரத்தப் புரதங்கள் இரண்டும் குறைவு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும்போது அந்த இரண்டும் செலவாகிக் குறையும்.

நம் மலையில் கன்னம் சிவந்தால் குளிர்காற்று என்று விட்டுவிடுகிறோம். லூபஸ் சிவப்பு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் படரும், மூக்கோரத்து மடிப்பை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். இரத்தம் குறைந்தால் தோட்டத்துப் பெண் என்றாலே அப்படித்தான் என்று இரும்பு மாத்திரையோடு முடித்துவிடுவதும் எனக்குப் பெரிய மனவருத்தம். மூட்டு வலியோடு வரும் இளம் பெண்ணின் சிறுநீரை ஒருமுறை சோதித்தால் எவ்வளவோ முன்பே தெரிந்திருக்கும்.

சரி, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் பயொப்சி எதற்கு? லூபஸ் சிறுநீரக அழற்சியில் ஆறு வகை உண்டு. மூன்றாம், நான்காம் வகை என்றால் ஸ்டீரொயிட்டோடு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பலமான மருந்து வேண்டும். முதல் இரண்டு வகைக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது. ஆறாம் வகையில் சிறுநீரகம் தழும்பேறிப்போயிருக்கும், அந்த மருந்தால் பலன் குறைவு. எந்த வகை என்பதை இரத்தமோ ஸ்கேனோ சொல்லாது.

பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரக்கவைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்குவார்கள். ‘மூச்சைப் பிடி’ என்பார்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வருவது நூல் கனத்தில் இரண்டு துண்டு. பிறகு சில மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சிறுநீர் கொஞ்சம் சிவப்பாகப் போகலாம், பெரும்பாலும் தானாக நிற்கும். பெரிய இரத்தப்போக்கு அபூர்வம். அதற்காகத்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஊசியால் சிறுநீரகம் பழுதாகாது அம்மா. வைத்தியம் பார்க்காமல் விட்ட லூபஸ்தான் பழுதாக்கும். வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரம் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்க வேண்டாம்.

அந்த வலி மாத்திரை டைக்ளோபினாக் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது சிறுநீரகத்துக்கும் ஆகாது, பயொப்சியில் இரத்தம் கசியவும் வைக்கும்.

கல்யாணம் நடக்கும், பிள்ளையும் பெறலாம். ஆனால் நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் என்ற மருந்து கொடுத்தால் அது எடுக்கும் காலத்தில் கரு தங்கக்கூடாது; டொக்டரிடம் கேட்டுத்தான் மருந்தை மாற்ற வேண்டும். இதை மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால், மாத்திரையை ஒளித்து விழுங்கி, பிறகு விழுங்காமலே விட்டுவிடுவது பிள்ளைதான்.