அறுப்பதற்கு முன்: வீணாகும் பலகைக்கு என்ன வழி?

கேள்வி: புத்தக அலமாரி செய்கிறேன். ஒரு தட்டு சரியாக ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. பின்பலகை உட்காரும் காடியை (விளிம்புப் பள்ளத்தை) இரண்டு பக்கப் பலகைகளிலும் ஒரே விளிம்பில் வெட்டியதால், இரண்டுமே இடப்பக்கப் பலகைகளாகிவிட்டன. மரத்தை எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்?

பதில்: தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். திட மரமென்றால் கணுவும் வெடிப்பும் கழிப்பதிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் தவறின் உண்மையான விலை பலகையின் விலை அன்று. அதில் ஏற்கெனவே போட்ட உழைப்பு. இழைத்து, காடி வெட்டி, உப்புத்தாள் தேய்த்த பிறகு கெடும் பலகையோடு அவ்வளவும் போகிறது. புதிதாக வாங்கும் பலகையின் நிறமும் ரேகையும் பழையதோடு ஒத்துப்போகும் என்பதற்கும் உறுதியில்லை.

சரியாக ஒரு சென்டிமீட்டர் என்பது நல்ல துப்பு. அளவு நாடாவின் முனைக் கொக்கி ஆடுகிறதே என்று அஞ்சி, ஒன்றாம் கோட்டிலிருந்து அளந்துவிட்டு அந்த ஒன்றைக் கூட்ட மறந்திருப்பீர்கள். கொக்கி தன் தடிமன் அளவுக்கு ஆடத்தான் வேண்டும். வெளி அளவுக்கு அது இழுபடும், உள் அளவுக்கு அழுந்தும். இரண்டும் சரியாக வருவது அதனால்தான். அதை நம்பி அளக்கலாம்.

மின் ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரைத் தூளாக்கும். ஐந்து தட்டுகளுக்கு ஒரே மூச்சில் கோடு போட்டு, கோட்டின் நடுவிலேயே அறுத்தால் எல்லாமே குட்டையாகும். ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததற்குக் கோடு போடுங்கள். இன்னும் நல்லது, ரம்பத்தருகே ஒரு தடுப்புக்கட்டையைப் பொருத்தி எல்லாவற்றையும் அதில் முட்டவைத்து அறுப்பது. நீளம் சற்றுப் பிசகினாலும் பரவாயில்லை, எல்லாம் ஒன்றுபோல இருந்தால் அலமாரி நேராக நிற்கும்.

காடி வெட்டுமுன் பக்கப் பலகைகளை நிற்கப்போகும் விதத்திலேயே நிறுத்தி, ‘உள்’, ‘முன்’ என்று சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். பசை போடுமுன் முழு அலமாரியையும் பசையின்றிப் பூட்டி, இரு மூலைவிட்டங்களும் சமமா என்று அளந்து பாருங்கள்.

இப்போதிருக்கும் மரத்தையும் எறிய வேண்டாம். மற்றத் தட்டுகளையும் மேல், கீழ்ப் பலகைகளையும் அதே ஒரு சென்டிமீட்டர் குறைத்துவிடுங்கள். ஒரு பக்கப் பலகையில் மட்டும், தவறான காடியில் அதே மரத்தில் ஒரு சட்டத்தை ஒட்டி இழைத்துவிட்டு, எதிர் விளிம்பில் புதுக் காடி வெட்டுங்கள். ஒட்டு முன்பக்கம் வரும். இரு பக்கப் பலகைகளின் முன்விளிம்பிலும் மெல்லிய பட்டி ஒட்டினால் மறைந்துவிடும்.