சிற்றூர்க் காவல் நிலையப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஒற்றை ஆளாக நூறு பேரை அடிக்காத போலீஸ் படம் ஒன்று சொல்லுங்கள். சின்ன ஊரில் நடப்பதாக இருக்க வேண்டும்.

பதில்: தென்கொரியாவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003). இயக்கம் போங் ஜூன் ஹோ. 1986இல் ஹ்வாசோங்கில் தொடங்கிய தொடர் கொலைகளே கதைக்கு அடிப்படை. வயலோரம் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. பாதையில் பதிந்த காலடித் தடத்தைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள். டிராக்டர் ஒன்று அதன்மேல் ஏறிப் போகிறது. போலீஸ்காரர் கத்துகிறார்; கேட்பாரில்லை. வருகிற அதிகாரிகளோ வரப்பில் சறுக்கி விழுகிறார்கள். ஆளின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்று நம்பும் உள்ளூர்க்காரருக்கும், காகிதம் பொய் சொல்லாது என்னும் சியோல்காரருக்கும் இடையே படம் முழுக்க உரசல்தான்.

கேள்வி: கொலையாளி கடைசிவரை சிக்கவே இல்லையாமே?

பதில்: படம் வந்தபோது சிக்கவில்லை. 2019இல் மரபணுச் சோதனை ஆளைக் காட்டிக்கொடுத்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவர், ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்குத் தொடரும் கால வரம்பு கடந்துவிட்டது. அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கிடந்த இன்னொருவரை 2020இல்தான் நிரபராதி என்று அறிவித்தார்கள். அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளுக்கு முதல் முறை நான் சிரித்திருந்தேன். இதைப் படித்தபின் சிரிப்பு வரவில்லை.

கேள்வி: பெண் அதிகாரி நாயகியாக?

பதில்: 'ஃபார்கோ' (1996). மினசோட்டாவின் பனியில் மூன்று கொலைகளைத் துப்பறியும் கர்ப்பிணி அதிகாரி. விடியுமுன் போன் வருகிறது. கணவர் எழுந்து முட்டை செய்து கொடுக்கிறார். கிளம்பிப் போனவர் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று திரும்பி வருகிறார். பிரான்சிஸ் மெக்டோர்மண்டுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம். தொடக்கத்தில் 'உண்மைக் கதை' என்று போடுவார்கள், நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: நம் பக்கத்தில் எதுவும் இல்லையா?

பதில்: மலையாளத்தில் 'தொண்டிமுதலும் திருக்சாக்ஷியும்' (2017). பஸ்ஸில் ஒருவன் தாலிச் சங்கிலியை அறுத்து விழுங்கிவிடுகிறான். காசர்கோட்டுக் காவல் நிலையமே அது வெளியே வரக் காத்திருக்கிறது! போலீஸ் வேடங்களில் சிலர் உண்மையான போலீஸ்காரர்கள். மேஜையில் சாய்ந்து நிற்பதிலேயே அது தெரியும். தமிழில் 'தீரன் அதிகாரம் ஒன்று' பிடிக்கும், ஆனால் அது மாநிலம் மாநிலமாகத் துரத்துகிற படம், இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: மெதுவாகப் போனாலும் பரவாயில்லை. அடுத்து எது?

பதில்: துருக்கியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அனடோலியா' (2011). புதைத்த இடம் மறந்துபோன கைதியோடு போலீஸ்காரர்களும் அரசு வழக்கறிஞரும் டாக்டரும் இரவெல்லாம் மேடு மேடாக அலைகிறார்கள். காரில் பேச்சு எருமைத் தயிரைப் பற்றி. உடல் கிடைத்த பிறகு பார்த்தால், அதைப் போட்டு எடுத்துப்போக உறை கொண்டுவரவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்க வேண்டாம்.