ஆர்டிஎக்ஸ் 5080 உங்கள் கேபினட்டுக்குள் போகுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் உயர்தரமான கேமிங் கணினி ஒன்றை அசெம்பிள் செய்யப் போகிறேன். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு, 360 மி.மீ. லிக்விட் கூலர் ஆகியவற்றைப் புதிதாக வாங்க எண்ணம். 2023இல் வாங்கிய பி650 மதர்போர்டையும், இரண்டு 16 ஜிபி டிடிஆர்5-6000 ராம்களையும் நண்பர் தருகிறார். அதே போல இன்னொரு ஜோடி வாங்கி 64 ஜிபி ஆக்கிவிடலாம் என்று பார்க்கிறேன். 2019இல் வாங்கிய 750 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), 330 மி.மீ. கார்டு வரை ஏற்கும் கேபினட், 600 விஏ யுபிஎஸ், 24 அங்குல 1080பி மானிட்டர் ஆகியவை வீட்டிலேயே இருக்கின்றன. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஏஎம்5 வகையான உங்கள் பிராசஸர் நண்பரின் போர்டில் உள்ள ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும், டிடிஆர்5 ராம் டிடிஆர்5 ஸ்லாட்டில் இறங்கும், கார்டும் தன் இடத்தில் அமரும். இவற்றைத் தவறாகச் செருகுவதே கடினம். டிடிஆர்4 ராமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளே போகவே போகாது. ஆனால் என் மேசைக்கு வரும் சிக்கல்களில் சாக்கெட் தவறுகள் மிகக் குறைவு. செருகிய பிறகு மில்லிமீட்டரிலும் வாட்டிலும் பயாஸிலும் (மதர்போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) முட்டுபவைதான் அதிகம். உங்கள் பட்டியலில் இந்த மூன்றும் இருக்கின்றன. நீங்கள் கேட்காமல் விட்ட நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கேபினட். 330 மி.மீ. என்ற எண் முன்பக்கம் வெறுமையாக இருக்கும்போது அளந்தது. உங்கள் 360 மி.மீ. கூலரின் ரேடியேட்டரை முன்பக்கத்தில் பொருத்தினால் ரேடியேட்டர் சுமார் 27 மி.மீ., அதன் விசிறி 25 மி.மீ., ஆக 52 மி.மீ. போய்விடும். மிஞ்சுவது 278. என்விடியா தானே வடிவமைத்த 5080 கார்டின் நீளமே 304 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிற நிறுவனங்களின் கார்டுகளில் பல 330ஐயும் தாண்டும். இரண்டு ஸ்லாட் இடம் போதாமல் மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டரை மேற்பக்கத்துக்கு மாற்றலாமே என்பீர்கள். பழைய கேபினட்டுகள் பலவற்றில் மேலே 240 மி.மீ. ரேடியேட்டருக்குத்தான் இடம் இருக்கும். உங்களுடையதின் குறிப்பேட்டில் அதைப் பாருங்கள்.

நீளத்தோடு அளவு முடிவதில்லை. கார்டின் மேல் விளிம்பில் மின்கேபிள் செருகப்படுகிறது. செருகிய இடத்திலிருந்து குறைந்தது 35 மி.மீ. வரை அந்தக் கேபிளை வளைக்கக் கூடாது. குறுகலான கேபினட்டில் பக்கக் கண்ணாடியை மூடும்போது கண்ணாடியே கேபிளை அழுத்தி வளைத்துவிடும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் மின்இணைப்பிகள் உருகிய செய்திகள் வரத் தொடங்கியது நினைவிருக்கலாம். இணைப்பி முழுவதும் உள்ளே போகாமல் இருந்ததே பல நேர்வுகளில் காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பிறகு 12வி-2×6 என்ற திருத்திய வடிவம் வந்தது. அதில் இணைப்பி அரைகுறையாக நின்றால் கார்டு அதை உணர்ந்து மின்சாரம் இழுக்காது என்பதே நோக்கம். அதற்காகக் கவனக்குறைவாக இருந்துவிட வேண்டாம். ‘கிளிக்’ என்று அமர்ந்ததா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, டார்ச் அடித்து ஒருமுறை கண்ணாலும் பாருங்கள்.

என் யோசனை இது: 360 மி.மீ. கூலரை விட்டுவிடுங்கள். 9800எக்ஸ்3டி-யின் அறிவிக்கப்பட்ட வெப்ப அளவு 120 வாட். கேம் ஓடும்போது பெரும்பாலும் அதைவிடக் கணிசமாகக் குறைவாகவே எடுக்கும். இரட்டைக் கோபுர வடிவில் வரும் ஒரு நல்ல ஏர் கூலர் அதற்குத் தாராளம். விலை குறைவு, பம்ப் பழுதாகும் அச்சமும் இல்லை. அதன் உயரம் 155 முதல் 168 மி.மீ. வரை இருக்கும் என்பதால் கேபினட் எவ்வளவு உயரம் ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். ராம் மேல் விளக்கு எரியும் உயரமான மகுடம் இருந்தால் கூலரின் விசிறி அதில் இடிக்கும், அதையும் அளந்துகொள்ளுங்கள். கூலரில் மிச்சமாகும் பணத்தில் முன்பக்கம் வலை வைத்த புதிய கேபினட் வாங்குவேன் நான். சித்திரை வெயிலில் 360 வாட் கார்டைக் கண்ணாடி முகப்புக்குள் அடைத்துவைப்பது இட்லிப் பானைக்குள் வைப்பதற்குச் சமம்.

அடுத்து மின்சாரம். கார்டு 360 வாட், பிராசஸர் உச்சத்தில் 162 வாட், மற்றவை எல்லாம் சேர்த்து எழுபது எண்பது. கூட்டினால் 600. 750 இருக்கிறதே, போதாதா? கூட்டல் கணக்கில் போதும். ஆனால் இந்தக் கார்டுகள் மின்சாரத்தைச் சீராகக் குடிப்பதில்லை. மில்லிநொடிகளுக்குள் சட்டென்று பெரிய மிடறாக இழுக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைக் கோளாறு என்று எண்ணித் தன்னை அணைத்துக்கொள்ளும். கேம் நடுவே திரை இருண்டு கணினி மீண்டும் தொடங்கும். நீங்கள் கார்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஏடிஎக்ஸ் 3.0, 3.1 தரத்தில் வரும் எஸ்எம்பிஎஸ்கள் மிகக் குறுகிய கணத்துக்குத் தம் அளவைப் போல் இருமடங்கு பளுவையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 5080க்கு 850 வாட் வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. உங்களுடைய 2019 எஸ்எம்பிஎஸ் இந்தத் தரம் வருவதற்கு முந்தையது. கார்டோடு வரும் அடாப்டருக்கு 8 பின் கேபிள்கள் மூன்று தனித்தனியாக வேண்டும். அந்தக் காலத்து 750 வாட்டில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். ஒரே கேபிளின் இரு தலைகளையும் செருகிச் சமாளிக்க நினைக்காதீர்கள். 850 வாட், ஏடிஎக்ஸ் 3.1, கோல்டு தரம்: இதில் சிக்கனம் வேண்டாம்.

புதிய எஸ்எம்பிஎஸ் வந்ததும் அதோடு வந்த கேபிள்களை மட்டுமே பயன்படுத்துங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர், ஏற்கெனவே அழகாகக் கட்டிவைத்த பழைய கேபிள்களைப் பிரிக்க மனமில்லாமல் அவற்றையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிவிட்டார். துளைகள் கச்சிதமாகப் பொருந்தின. பொத்தானை அழுத்தியதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும், அவற்றோடு அவருடைய அக்காவின் திருமணப் படங்களும் போயின. மதர்போர்டு பக்கமும் கார்டு பக்கமும் பின்கள் தரப்படுத்தப்பட்டவை. எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படி எந்தத் தரமும் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலேயே அது மாறலாம்.

யுபிஎஸ் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. 600 விஏ என்பது 600 வாட் அல்ல. இந்த வகை யுபிஎஸ்கள் பொதுவாக 360 வாட் தருபவை. கேம் ஓடும்போது மின்வெட்டு வந்தால் அது ஒரு நொடிகூடத் தாங்காது, கூவிவிட்டு அணைந்துவிடும். வாங்கும்போது விஏ எண்ணை விட்டுவிட்டுப் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் வாட் எண்ணைப் பாருங்கள். 900ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. கூடவே தூய சைன் அலை தருகிறதா என்றும் கேளுங்கள். மலிவான யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது படிப்படியான அலையைத் தருகின்றன. இன்றைய தரமான எஸ்எம்பிஎஸ்கள் சில அதை ஏற்காமல் அணைந்துவிடுகின்றன. இன்னொன்று: கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லை. ஒன்றரை, இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை அதில் செருகுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

இனி நண்பரின் மதர்போர்டு. நல்ல போர்டுதான், மாற்ற வேண்டாம். பி650 போர்டுகள் பெரும்பாலானவற்றில் கார்டு ஸ்லாட்டின் இணைப்புத் தரம் பிசிஐஇ 4.0, உங்கள் கார்டு 5.0. அதனால் ஏற்படும் வேகக் குறைவை எண்ணில் காணலாம், கண்ணில் காண முடியாது. சிக்கல் பயாஸில். 2023இல் பெட்டிக்குள் போன போர்டுக்கு 2024 நவம்பரில் வெளியான 9800எக்ஸ்3டி-யைத் தெரியாது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் எதுவும் வராது. நண்பரின் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் போர்டைக் கழற்றுவதற்கு முன் அங்கேயே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கழற்றியாகிவிட்டது என்றால் போர்டின் பின்பக்கம் ‘பயாஸ் ஃபிளாஷ்பேக்’ போன்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து புதுப்பிக்கலாம். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும், கோப்பின் பெயர் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும், குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் மட்டுமே செருக வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் போர்டு முடங்கிவிடக்கூடும். உங்கள் பழைய யுபிஎஸ் இந்த ஒரு வேலைக்கு உதவும். கார்டு மாட்டாத கணினியை அது தாங்கும்.

பயாஸைப் புதுப்பிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி போன்ற பிராசஸர்கள் சில, அளவு மீறிய வோல்டேஜால் கருகிப்போன நிகழ்வுகள் வெளிவந்தன. அதன் பிறகுதான் ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று பயாஸ் வழியே வரம்பு கட்டியது. அந்த வரம்பு இல்லாத பழைய பயாஸோடு ராமின் முழு வேகத்தை இயக்குவது வீண் விளையாட்டு.

இன்னொரு ஜோடி ராம் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஏஎம்5இல் நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பினால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தரும் வேகம் 3600தான். 6000இல் ஓடும் உங்கள் ராம் அங்கே வந்து நிற்கலாம், அல்லது அதிக வேகத்தில் வைத்தால் அவ்வப்போது முரண்டு பிடிக்கலாம். பெயரும் மாடலும் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஜோடிகள் ஒன்றாகச் சோதிக்கப்பட்டவை அல்ல. உள்ளே இருக்கும் சில்லுகள் வேறு நிறுவனத்துடையவையாகவும் இருக்கலாம். கேமுக்கு 32 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங் போன்ற வேறு தேவை இருந்து 64 ஜிபி கட்டாயம் என்றால் இருப்பதை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டு கொண்ட ஒரே கிட்டாக வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறியதையும் கணக்கில் வையுங்கள். இருக்கும் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருகுங்கள். பயாஸில் ராமை முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 6000க்குப் பணம் கொடுத்து 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது மானிட்டர். உங்கள் 24 அங்குல மானிட்டர் சாதாரண 60 ஹெர்ட்ஸ் வகையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் இந்தக் கணினி நொடிக்கு 200 பிரேம்களை வரைந்தாலும் அது 60ஐத்தான் காட்டும். ஆகவே 5080ஐ விட்டு ஒரு படி இறங்கி ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ எடுங்கள் என்பேன். அதற்கும் இதே 16 ஜிபி நினைவகம்தான், 300 வாட்தான் எடுக்கும், வேகத்திலும் பெரிய தாழ்வு இல்லை. மிச்சமாகும் பணத்தில் 27 அங்குல, 1440பி, 165 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மானிட்டர் ஒன்றை வாங்குங்கள். பழைய மானிட்டரில் 5080ஐயும், புதிய மானிட்டரில் 5070 டிஐயையும் அருகருகே வைத்தால் எது விலை உயர்ந்த கணினி என்று பார்ப்பவர் எல்லோரும் தவறாகவே சொல்வார்கள். ஆசை 5080இல்தான் என்றால் வாங்குங்கள், ஆனால் மானிட்டருக்கும் பணம் சேரும் வரை பொறுத்து இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. போர்டில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் எதை நிரப்பினால் எது அணையும் என்பது கையேட்டில் இருக்கும். எஸ்எஸ்டியைப் பிராசஸருக்கு அருகில் உள்ள முதல் ஸ்லாட்டில் செருகினால் பொதுவாகத் தொல்லை இல்லை. பழைய எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் 10ஐ அப்படியே கொண்டுவர எண்ண வேண்டாம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பேட்டில்ஃபீல்டு 6 போன்ற சில கேம்கள் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்கவே மாட்டா. விண்டோஸ் 11ஐப் புதிதாகவே நிறுவுங்கள்.

எல்லாவற்றையும் பொருத்தி முதன்முறை பொத்தானை அழுத்தும்போது திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கும். ஏஎம்5 தன் ராமைப் பழக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்கும். போர்டு செத்துவிட்டது என்று பதறி ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். படம் வந்தபின் கேம் மட்டும் கட்டைவண்டியாக நகர்ந்தால் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள்: இந்தப் பிராசஸருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பதால் கேபிளை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், ஒரு லட்ச ரூபாய்க் கார்டு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்.