வாசகர் கேள்வி – பதில்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

கேள்வி: அரசு விண்ணப்பங்களில் பார்க்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ன சாதித்தார்? தேவதாசி முறையை ஒழித்தவர் முத்துலட்சுமி ரெட்டிதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் போராடினார், அம்மையார் ஊர் ஊராக, வீடு வீடாகப் போராடினார். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் காரியம் நடந்திருக்காது.

1883-இல் பிறந்தவர். வறுமையால் பெற்றவளே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் அவரை மூவலூர் தாசி ஒருவரிடம் விற்றுவிட்டார். வளர்ந்ததும் கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். மறுத்து, தனக்குப் பாட்டும் நடனமும் கற்றுத்தந்த சுயம்பு பிள்ளையை மணந்தார். காங்கிரஸில் தொடங்கி, பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். 1938-இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த தமிழர் படையில் அவர் ஒருவர்தான் பெண். அப்போது வயது 55. அதே ஆண்டு நவம்பரில் ஆறு வாரச் சிறை. 1949-இல் தி.மு.க.வுக்கு வந்தார். 1962-இல் மறைந்தார்.

கேள்வி: பொட்டுக் கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து தாசியாக்கும் சடங்கைத் தடுக்கச் சட்டம் ஒன்று போதாதா? ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நிலம்தான் காரணம். கோயில் சேவைக்காகத் தாசி குடும்பங்களுக்கு இனாம் நிலம் விடப்பட்டிருந்தது. சேவை நின்றால் நிலம் போய்விடும். அதனால் தலைமுறைக்கு ஒரு பெண்ணாவது பொட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1929-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அந்த நிலத்தைச் சேவைக் கடமையிலிருந்து விடுவித்தார்கள். முடிச்சு தளர்ந்தது அப்போதுதான். பொட்டுக் கட்டுவதே குற்றமானது 1947 சட்டத்தில்: சடங்கை நடத்தினாலும், அனுமதித்தாலும், அதில் கலந்துகொண்டாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எதிர்ப்பு தாசிகளிடமிருந்தும் வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்களுக்கு இது சொத்தும் கலையும் மானமும் சேர்ந்த விஷயம். அவர்களை எளிதாகக் குறை சொல்லிவிடக் கூடாது. அந்த வீடுகளின் உள்விவரம் தெரிந்த அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’ நாவலை எழுதினார். தாசி வீடுகளுக்குப் போகும் பணக்கார இளைஞர்களான மைனர்களின் சொத்து எப்படிக் கரைகிறது, வீட்டிலிருக்கும் மனைவி என்ன ஆகிறாள் என்பதெல்லாம் அதில் உண்டு. நடுநடுவே பிரசங்கம் நீளும். அதைப் பொறுத்துக்கொண்டு படியுங்கள். இயக்க மேடைகளில் அன்று நடந்த வாதங்கள் அப்படியே கிடைக்கும்.

கேள்வி: என் மகளுக்கு அவர் பெயரிலான கல்வி உதவி கிடைக்குமா?
– வாசகி, தேனி

பதில்: 1989-இல் அவர் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். 2022-இல் அது உயர்கல்விக்கான ‘புதுமைப் பெண்’ ஆனது. மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்தார்கள். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. எல்லாம் சரி, தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. கல்லூரி வழியாகவே விண்ணப்பியுங்கள். கணக்கு மகள் பெயரில் இருந்து ஆதாரோடு இணைந்திருக்கிறதா, பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்.