சோப்புக் கரைசல் சேர்த்தும் துகள்கள் ஏன் ஒட்டுகின்றன?

கேள்வி: கண்ணாடித் தகட்டில் 1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) துகள்கள் ஒட்டாமலிருக்க சிடிஏபி (CTAB) என்ற சோப்பு வகைப் பொருளைக் கொஞ்சம் சேர்த்தேன். முன்பைவிட அதிகமாக ஒட்டுகின்றனவே?

பதில்: அந்தக் 'கொஞ்சம்'தான் காரணம். நீருக்குள் கண்ணாடிக்கு எதிர்மின்னூட்டம். சல்பேட் வகை பாலிஸ்டைரீனுக்கும் அதுவே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. சிடிஏபியின் தலையோ நேர்மின்னூட்டம் கொண்டது. அது கண்ணாடியில் தலையைப் பதித்து, எண்ணெய்த் தன்மையுள்ள வாலை வெளியே நீட்டிவிடும். தள்ளிவிட்ட மின்னூட்டமும் போச்சு, பரப்பும் நீரை விலக்குவதாக மாறிவிட்டது. துகள் ஒட்ட இதைவிடத் தோதான நிலை கிடையாது.

மைசெல் (சோப்பு மூலக்கூறுகள் வால்களை உள்ளே வைத்துத் திரளும் சிறு உருண்டை) உருவாகும் செறிவை (சிடிஏபிக்குச் சுமார் 0.9 மில்லிமோலார்) தாண்டுங்கள். வாலோடு வால் சேர்ந்து இரட்டை அடுக்கு அமையும், தலைகள் நீரைப் பார்த்து நிற்கும். துகளின் மேலும் சிடிஏபி படிவதால், கண்ணாடியும் துகளும் இப்போது நேர்மின், மறுபடி தள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும்: ஒட்டாத துகள் நடுங்கிக்கொண்டே இருக்கும், ஒட்டியது சட்டென்று அடங்கிவிடும். ஆனால் முதலிலேயே ஒட்டிவிட்டவை அவ்வளவு எளிதில் கிளம்பாது. அதனால் கரைசலை முதலில் விடுங்கள், துகள்களைப் பிறகு.

கேள்வி: எஸ்டிஎஸ் (SDS) என்ற இன்னொரு சோப்பு வகையைப் போட்டாலும் இந்தக் கதைதானா?

பதில்: இல்லை. எஸ்டிஎஸ் எதிர்மின் வகை, கண்ணாடியை அது நாடாது. பாலிஸ்டைரீனில் படிந்து அதன் எதிர்மின்னூட்டத்தைக் கூட்டும். இங்கே எனக்குப் பிடித்த தேர்வு அதுதான். அதற்காக அள்ளிப் போடாதீர்கள். அதுவும் ஓர் உப்புதான், உப்பு கூடினால் தள்ளும் விசை எட்டும் தூரம் குறையும்.

கேள்வி: என் மாதிரியில் உப்பு அதிகம். எந்தச் சோப்பும் பலிக்கவில்லை.

பதில்: சோடியம் குளோரைடு 1 மில்லிமோலார் இருக்கும்போது மின்விலக்கம் சுமார் 10 நானோமீட்டர் தூரம் எட்டும். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர்தான். அதற்குள் வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு (நெருங்கிய பரப்புகளுக்கு இடையே இயல்பாக உள்ள இழுப்பு) துகளைப் பிடித்துவிடும். மின்னூட்டத்தை நம்பாமல், ட்வீன் 20 போன்ற மின்னூட்டமில்லாத வகைக்கு மாறுங்கள். அதன் பாலிஆக்சிஎத்திலீன் சங்கிலிகள் நீரில் விரிந்து, துகளை நெருங்கவிடாமல் தடுக்கும்.

கேள்வி: நீரை வேகமாகப் பாய்ச்சினால் போதாதா?

பதில்: பெரிய துகளுக்குப் போதும். ஒட்டும் விசை விட்டத்துக்கு நேர்விகிதம், சுவரருகே நீரின் இழுப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு. துகள் சிறுக்கச் சிறுக்க நீரின் பிடி தளரும்.

கேள்வி: கடைசியில் வெறும் நீரில் அலசலாமா?

பதில்: சிடிஏபி என்றால் துகள்கள் முழுக்க வெளியேறிய பிறகுதான். அலசும்போது செறிவு இறங்கி, வெளியடுக்கு முதலில் கழன்றுவிடும். மிதந்துகொண்டிருக்கும் துகள்கள் அந்த நேரத்தில் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். முதலில் துகளில்லாத அதே கரைசலால் அலசுங்கள், வெறும் நீர் அதற்குப் பிறகு.