டோக்கியோவில் வாடகை வீடு பார்த்தல்: கேள்வி பதில்

டோக்கியோவுக்கு வேலைக்குப் போகிறேன். வீடு பார்க்கும்போது தெரிந்திருக்க வேண்டிய சொற்கள் எவை அக்கா?

வீட்டை உள்ளே போய்ப் பார்ப்பதற்கே ‘நைக்கென்’ என்று பெயர். கதவைத் திறந்ததும் தாழ்ந்திருக்கும் சிறு தரை கென்கான். செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் படியேற வேண்டும். செருப்பு அலமாரி கெதாபாக்கோ. ‘1கே’ என்றால் ஓர் அறையும் சிறு சமையலிடமும். அறையின் அளவை ‘ஜோ’ கணக்கில், அதாவது ததாமிப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். விளம்பரத்தில் ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர் இருக்க வேண்டும். ஆக, 6 ஜோ அறை ஏறத்தாழ 10 சதுர மீட்டர். அளவுநாடா எடுத்துச் செல்லுங்கள். சலவை இயந்திரம் வைக்கும் இடத்தையும் அளந்துவிடுங்கள்.

பாய் விரித்த அறை வாஷிட்சு, தள்ளுகதவு ஃபுசுமா, மெத்தையை மடித்து வைக்கும் ஆழமான அலமாரி ஓஷீரே. அந்த ஓஷீரேயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ‘கபி’, அதாவது பூஞ்சை, வாடை அடித்தால் அந்த வீடு வேண்டாம். என் முதல் வீட்டில் வாடகை குறைவு என்று அதைப் பொருட்படுத்தாமல் விட்டேன். ஒரே மழைக்காலத்தில் மெத்தை முழுவதும் கறுத்துப்போனது.

குளியலறை ஃபுரோ. கழிப்பறை தனியாக வேண்டுமென்றால் ‘பாசு தொய்ரே பெட்சு’ என்று கேளுங்கள். அங்கே சுவரிலோ கூரையிலோ காற்றை வெளியே தள்ளும் விசிறி, கான்கிசென், இருக்கும். 2003 ஜூலை முதல் புது வீடுகளில் 24 மணி நேரக் காற்றோட்ட வசதி கட்டாயம். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை அணைக்காதீர்கள்.

ஊரிலிருந்து மிக்சி கொண்டுவரலாமா?

வேண்டாம். இங்கே 100 வோல்ட். நம் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது.

‘மன்ஷோன்’ என்றால் மாளிகையா?

இல்லை. கான்கிரீட் அடுக்ககம். மரத்திலோ இலகு இரும்பிலோ கட்டிய சிறு குடியிருப்பு ‘அபாதோ’. பக்கத்து வீட்டுச் சத்தம் அதில்தான் அதிகம் கேட்கும்.

ஷிக்கிகின், ரெய்கின் இரண்டும் திரும்பக் கிடைக்குமா?

முன்னது வைப்புத்தொகை, கழிவு போக மீதி கிடைக்கும். பின்னது வீட்டுக்காரருக்குத் தரும் நன்றிப்பணம், திரும்பாது.

ஜப்பானிய மொழியே தமிழிலிருந்து வந்தது என்கிறார்களே, வீட்டுச் சொற்களில் அது தெரிகிறதா?

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) பல ஆண்டுகள் இந்த உறவை நிறுவ உழைத்தார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பு நம்முடையதைப் போலவே இருப்பது உண்மை. ‘கென்கான் தே குட்சு ஓ நுகிமாசு’ என்பதில் ‘தே’ நம் ‘இல்’, ‘ஓ’ நம் ‘ஐ’, வினை கடைசியில்: கென்கானில் காலணியைக் கழற்றுகிறேன். தமிழர் இந்த மொழியை விரைவில் பிடித்துக்கொள்ள இதுவே போதுமான காரணம்.

இவ்வளவு ஒற்றுமை காட்டிவிட்டு உறவில்லை என்கிறீர்களே! தமிழின் பெருமையை நீங்களே குறைக்கலாமா?

குறைக்கவில்லை ஐயா. வினை கடைசியில் வருவது கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் உண்டு. அவற்றையும் தமிழின் பிள்ளைகள் என்போமா? சொற்களையாவது பாருங்கள். கென்கான் சீனத்திலிருந்து ஜென் பௌத்த மடங்கள் வழியாக வந்த சொல். துணி உலர்த்தும் ‘பெராண்டா’ நம் வராந்தாவேதான். ஆனால் தமிழ் அங்கே போகவில்லை, இரண்டு மொழிகளுமே அதைக் கடன் வாங்கின. தமிழின் பெருமைக்குச் சங்கப் பாட்டு இருக்கிறது. சான்றில்லாத உறவு தேவையில்லை.

750 வாட் மிக்சிதான். மின்மாற்றி வைத்தால் ஓடுமா?

ஓடும். அதைவிடக் கூடுதல் திறனுள்ள கனத்த மின்மாற்றி வேண்டும். மேலே சொன்னதையே சொல்கிறேன்: கொண்டுவர வேண்டாம், இங்கேயே வாங்குங்கள். மிக்சி பற்றி இனி பதிலில்லை.

மனைவிக்கு விசா எப்போது கிடைக்கும்?

தூதரகத்தில் கேளுங்கள்.

குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது. கசிவா?

கசிவு இல்லை, ‘கெட்சுரோ’. அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. காலையில் எழுந்ததும் துடைத்துவிடுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுங்கள். கான்கிசென்னை அணைத்து வைத்திருக்கிறீர்களா? இப்போதே போய்ப் போடுங்கள்.